சினைப்பை மேற்பார்வைக் குழு

நிர்வாகம் என்ற அரிய கலை உலகில் தோன்றிய நாள்முதல், மனைவியின் சினைப்பையை முறைப்படி நிர்வகித்த ஒரே கணவர் அவர்தான். துணி ஆலையில் உற்பத்தி மேலாளர். எங்கே வேலை தேங்கினாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை என்றால் சும்மா இருப்பாரா?

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வரைபடம் ஏறியது. கீழே தேதி, பக்கவாட்டில் முட்டைப் பையின் வளர்ச்சி, மில்லிமீட்டரில். காலை ஏழரைக்கு மனைவி வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வாள். ஏழே முக்காலுக்கு 'ஆய்வுக் கூட்டம்'. தலைவர் அவர். உறுப்பினர் அவருடைய அக்கா, தொலைபேசி வழியாக. மனைவி 'சிறப்பு அழைப்பாளர்'. சினைப்பை அவளுடையது என்பதால் இந்தச் சலுகை.

இது சிகிச்சையின் மூன்றாவது சுற்று. இதற்கு மேல் உன் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வயிறெல்லாம் ஊசி குத்திக் கன்றிப்போயிருந்தது. இந்த முறையும் தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம். அந்த நேரம் பார்த்து, முட்டை வளரும் பை பதினாலு மில்லிமீட்டரிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு நாளா முன்னேற்றமே இல்லையே. என்ன காரணம்?"

"நான் அதுகிட்ட பேசறதில்லைங்க," என்றாள் மனைவி.

'பொறுப்பற்ற பதில்' என்று குறிப்பேட்டில் பதிவானது. ஊசி மருந்தை இரட்டிப்பாக்கும்படி அக்கா தீர்மானம் கொண்டுவர, அது ஏகமனதாக நிறைவேறியது. சிறப்பு அழைப்பாளருக்கு ஓட்டு கிடையாது.

தீர்மானத்தோடு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் அதை மடித்து மேசை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேன் பார்த்தார். பதினாறு. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க தீர்மானம் வேலை செஞ்சிருக்கு," என்றார் மேலாளர்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளையடிச் சுரப்பி மேலிருந்து ஹார்மோனை அனுப்பும். அது மேலிடத்து உத்தரவு மாதிரி. ஆனால் சினைப்பைக்குள்ளே முட்டையும் அதைச் சுற்றியுள்ள செல்களும் வளர்ச்சிக் காரணி என்ற பொருட்களைச் சுரந்து ஒன்றையொன்று வளர்க்கின்றன. அந்த ஒத்தாசை இருந்தால்தான் உத்தரவும் பலிக்கும்.

"மேல இருந்து அதிகாரம் பண்ணா மட்டும் போதாது சார். பக்கத்துல இருக்கறதும் தன் பங்கைச் செய்யணும்."

'அருமையான நிர்வாகக் கோட்பாடு' என்று மேலாளர் எழுதிக்கொண்டார்.

மனைவி நிமிர்ந்தாள். "என் பக்கத்துல இருக்கறவரோட ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர்?"

டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். கணவரின் விந்துப் பரிசோதனை: 'எடுத்தாயிற்று, வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.' மூன்று சுற்றுக்கும் அதே வாசகம். வீட்டில் அப்படி ஒரு காகிதத்தை அவள் கண்டதே இல்லை. மேலாளர் தன் செருப்பையே உற்றுப் பார்த்தார்.

மறுநாள் ஏழே முக்காலுக்குக் கூட்டம் தவறாமல் நடந்தது. தலைவர் நாற்காலியில் மனைவி இருந்தாள். தொலைபேசியில் அக்காவும் இருந்தார். வரைபடம் திருப்பி ஒட்டப்பட்டிருந்தது; வெற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர், மேலாளருடையது.

"எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்," என்றார் சிறப்பு அழைப்பாளர்.

"என் முட்டை நின்னது ரெண்டே நாள். அதுக்கே விளக்கம் கேட்டீங்க. ஆறு வருஷமா அந்த லேப் வாசப்படியை மிதிக்காம நிக்கறது யாருன்னு அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க."