முதல் முன்னுரிமை பள்ளத்துக்கு

“நாளை மறுநாள் அமைச்சர் வருகிறார், உங்கள் ஊர்ச் சாலையைப் பார்ப்பார்” என்று ஒன்றிய அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வளவுதான்; தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

மருதம்பாக்கம் ஊராட்சியின் செயலர் வெங்கடேசன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மீண்டும் உட்கார்ந்தார். உத்திரமேரூர் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் அந்த வழியில், ஒரு பள்ளத்துக்கும் மறு பள்ளத்துக்கும் இடைப்பட்ட பகுதிக்குத்தான் சாலை என்று பெயர். முன்பொரு நாள் அங்கே அச்சு முறிந்த பேருந்து, அன்றோடு ஊரை மறந்துவிட்டது.

அவர் மகள் சசிரேகாவுக்குக் காஞ்சிபுரத்தில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் வகுப்பு. “பஸ் வரலைன்னா படிப்பு கெடையாது. பொண்ணு இருட்டுல நடந்துகினு வர்றதெல்லாம் ஆவாது” என்று மனைவி வளர்மதி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மேல்முறையீட்டுக்கு அவ்வீட்டில் இடமில்லை.

புதிய அரசு பதவியேற்று ஒரு மாதங்கூட ஆகவில்லை. குடிநீர் முதல் முன்னுரிமை, வேலைவாய்ப்பு முதல் முன்னுரிமை, கல்வி முதல் முன்னுரிமை, போக்குவரத்து முதல் முன்னுரிமை, தொழில் முதலீடு முதல் முன்னுரிமை என அறிவித்திருந்தது. ‘முதல்’ என்பதை ஐந்தாகப் பங்கிட எந்த வாக்காளரும் அனுமதி தந்ததாகத் தெரியவில்லை.

“எல்லாமே மொதலுன்னா, ரெண்டாவது இன்னாதான்யா?” என்று கேட்டார் ஊராட்சித் தலைவர் கனகா.

“நம்ம ரோடுதான் தலைவரம்மா.”

அமைச்சர் வந்தால் செய்ய வேண்டியது இன்னதென்று நம் நாட்டில் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அன்று மாலைக்குள் டேனியலின் ஜேசிபி பள்ளங்களைச் சரளை மண்ணால் நிரப்பியது. ரோலர் ஓடியது. சாலையின் இருபுறமும் ப்ளீச்சிங் பவுடரால் கோடு போட்டார்கள். கொசுவுக்காகப் போட்ட கோடன்று. அமைச்சருக்காகப் போட்ட கோடு. மக்கள் ஆண்டுக்கணக்காகக் கெஞ்சியும் விழாத மண், ஒரே தொலைபேசி அழைப்புக்கு விழுந்துவிட்டது.

மறுநாள் நண்பகலில் பக்கத்து ஊராட்சியின் செயலர் தினகரன் அழைத்தார்.

“இன்னாபா வெங்கடேசா, ரோட்ட மெழுகி வச்சிக்கினு கீறியாமே?”

“கண்ணாடி மாதிரி கீது.”

“கெட்டுது போ. நாங்களும் அப்படித்தான் மெழுகினோம். வந்தாரு, பாத்தாரு, ‘இங்க கொறையே இல்லியே’ன்னு கார் ஏறிட்டாரு. கஜானா காலின்னு அவங்களே பேப்பர்ல சொல்லிக்கினு கீறாங்க. எந்த ஊரு ரொம்ப மோசமோ அதுக்குத்தான் மொதல்ல ரோடு.”

வெங்கடேசனின் கண்முன் சசிரேகாவின் வெள்ளைச் சீருடை பறந்து போயிற்று. ஓடினார் டேனியலிடம்.

“நோண்டு.”

“எத்த சார்?”

“ரோட்டத்தான்.”

“நேத்து மூடச் சொன்ன, இன்னிக்கு நோண்டச் சொல்ற. நாளைக்கு இன்னா, நாத்து நடச் சொல்லுவியா?”

“உன் வேல நோண்டறது. நோண்டு.”

டேனியல் வேலையில் சுத்தமானவர். ஒரே ஆழம், ஒரே அகலம், ஒரே இடைவெளி. கனகா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இது பள்ளமாய்யா? தென்னம்புள்ள வைக்கக் குழி எடுத்த மாதிரி கீது. மந்திரி இத்தப் பாத்தா கன்னு குடுத்துட்டுப் போயிடுவாரு.”

“பழசாக் காட்டணும், அவ்ளோதானே? தண்ணி ஊத்துனா ஓரம் கரையும் தலைவரம்மா” என்றார் வெங்கடேசன்.

தண்ணீர் லாரி வந்தது. ஓரம் கரைந்தது. லாரியின் அடியிலிருந்த சாலையும் கரைந்தது. லாரி பின்சக்கரம் வரை அமிழ்ந்து, நடுச்சாலையில் சாய்ந்து நின்றது. அதை இழுக்க வந்த ஜேசிபி, வழியிலிருந்த சிறுபாலத்தில் ஏறி இறங்கியது. ஜேசிபி இறங்கியபின் பாலமும் இறங்கிவிட்டது.

“சார், இப்ப சைக்கிள்கூடப் போவாது” என்றார் டேனியல், ஒருவகைப் பெருமிதத்துடன்.

பொழுது சாய்வதற்குள் ஊரின் எருமைகள் குளிர்ந்த புதுக்குட்டைகளைக் கண்டுபிடித்துப் படுத்துக்கொண்டன. ஓட்டியும் அவை எழவில்லை.

“வுடு, கெடக்கட்டும்” என்றார் கனகா. “போட்டோவுக்கு நல்லா இருக்கும்.”

“நைனா, ஊருக்குள்ள ஒருத்தரும் வர முடியல” என்று சசிரேகா அழுகுரலில் சொன்னாள். சாலையோரமாக நடந்து வந்த அவள் செருப்பொன்று சேற்றிலேயே தங்கிவிட்டது.

“அதாம்மா வேணும். நாளைக்குப் பாரு.”

மறுநாள் காலை அமைச்சரின் கார்கள் சாலையின் முனையிலேயே நின்றன. அமைச்சர் இறங்கினார். சாய்ந்த லாரியைப் பார்த்தார். அமர்ந்த பாலத்தைப் பார்த்தார். ஓர் எருமை அவரைப் பார்த்தது.

“இது எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

வெங்கடேசன் இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தார். “பல ஆண்டுகளாக, ஐயா. இதுவரை ஒருவரும் ஒரு பிடி மண்கூடப் போட்டதில்லை. பேருந்து என்ன, மாட்டு வண்டிகூட வராது. இனிமேலும் வர வழியில்லை.”

அமைச்சரின் முகம் சிவந்தது. உடனிருந்த அதிகாரிகளை ஒருமுறை சுட்டெரிப்பதுபோல் நோக்கினார். காரில் ஏறினார். கார்கள் திரும்பிப் போயின.

“எவ்ளோ கோவம், பாத்தியா?” என்றார் கனகா. “ரோடு வந்துட்ட மாதிரிதான்.”

“வந்துட்டுது தலைவரம்மா.” வெங்கடேசனுக்குக் கண் கலங்கியது. டேனியலைக் கட்டிக்கொண்டார். இரண்டு நாளாக நாஷ்டாகூட ஒழுங்காகத் தின்னவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதிகாரிகள் நின்றிருந்த இடத்திலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மட்டும், வேட்டியைத் தூக்குவதுபோல் பேன்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் தடுமாறியபடி அவரிடம் வந்தார். பேருந்துப் பணிமனையைச் சேர்ந்த மோகன்குமார் என்று சட்டையில் எழுதியிருந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு.

“ஏன் சார், நேத்து காலீல நான் வந்து பாத்துட்டு, ரோடு சூப்பரா கீதுன்னு எழுதிக் குடுத்ததுக்கப்புறந்தானே மந்திரி உங்க ஊரு பஸ்ஸுக்குக் கொடி அசைக்கவே ஒத்துக்கினாரு, இப்ப மெயின் ரோட்ல மாலையோட நிக்கிற பஸ்ஸ நான் எந்த ஊருக்கு சார் ஓட்டிக்கினு போறது?”