சிவப்பைப் பச்சையாக்கிய வரலாறு

உலகத்தில் எத்தனையோ அலுவலகங்கள் வேலை செய்கின்றன. செய்வதற்கு முன் வேலையைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கிற அலுவலகம் எங்களுடையது ஒன்றுதான். இணையத்தில் தேர்வு நடத்தும் எங்கள் நிறுவனத்தில் ‘கூடுதல் வசதிகள் இயக்கப் பிரிவு’ என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் அடியேன். எங்கள் பிரிவு இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை. இந்த வரலாறு தொடங்கும்வரை எந்த வசதியையும் இயக்கியதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்குச் சூத்திரங்களைத் திரையில் அழகாகக் கோத்துக் காட்ட ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். பின்னம், வர்க்கமூலம் எல்லாம் தானாக வந்து உட்காரும். வேதியியல் சமன்பாடு மட்டும் வராது. அதற்கென்று ஒரு கூடுதல் வசதியை இயக்க வேண்டும். இயக்காவிட்டால், சமன்பாட்டுக்காகத் தட்டச்சு செய்த குறியீடு அப்படியே ரத்தச் சிவப்பில் வந்து நிற்கும். அம்புக்குறி உடைந்து கோடாகக் கிடக்கும். அறுகோண வளையமாக வரவேண்டிய பென்சீன், அடைப்புக்குறிகளும் நட்சத்திரங்களுமாக ரயில் மாதிரி நீண்டு போகும்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் என் அக்கா மகள். வேதியியலில் தேறினால்தான் அவளுக்கு மருந்தியல் கல்லூரியில் இடம். அவள் அறைச் சுவரில் சமன்பாடு ஒட்டாத இடம் என்றால் அது ஜன்னல்தான்.

“மாமா, மாதிரித் தேர்வுல கணக்கு நல்லா வருது. கெமிஸ்ட்ரி மட்டும் செவப்பா ஏதோ கிறுக்கல். கேள்வியே படிக்க முடியல. நிஜப் பரீட்சையிலயும் இப்படித்தான் வருமா?” என்று போனில் கேட்டாள்.

“கவலைப்படாதேம்மா. அதைப் பாக்கறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. உன் மாமாதான் அதுக்குத் தலைவர்.”

“அதனாலதான் மாமா பயமா இருக்கு.”

குழந்தைக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

நிரல் எழுதும் பெண்ணை அழைத்து விவரம் கேட்டேன்.

“சார், செட்டிங்ஸ்ல ஒரே ஒரு வரி சேக்கணும். இப்பவே சேத்துடட்டுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு வரியில் முடிகிற காரியம் என்றால் அதற்கு ஒரு பிரிவு எதற்கு, பிரிவுக்கு ஒரு தலைவர் எதற்கு, தலைவருக்குக் குளிரூட்டிய அறை எதற்கு?

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“சொல்லாதீங்க. முதல்ல ஆய்வுக் குழு கூடட்டும்.”

குழு கூடியது. இயக்குநர் தலைமை தாங்கினார். சட்ட ஆலோசகர்தான் முதலில் எச்சரித்தார்.

“இன்னிக்கு வேதியியலை உள்ள விட்டோம்னா, நாளைக்கு இயற்பியல் வந்து கதவைத் தட்டும்.”

“இயற்பியல் ஏற்கெனவே உள்ளதான் சார் இருக்கு” என்றாள் நிரல் எழுதும் பெண்.

“யாரு விட்டது?” என்றார் இயக்குநர்.

அதை விசாரிக்க ஒரு துணைக்குழு அமைத்தோம். பிறகுதான் எங்கள் இயக்குநரின் மேதைமை வெளிப்பட்டது.

“பசங்க அனுப்பின புகாரைப் படிங்க” என்றார்.

படித்தேன். “‘செவப்பா வருது.’”

“அடுத்தது?”

“‘எல்லாம் செவப்பா இருக்கு.’”

“அப்ப பிரச்சினை செவப்புதானே? வேதியியலைப் பத்தி யாருமே புகார் சொல்லலையே!”

அறை கைதட்டலால் அதிர்ந்தது. எங்கள் பிரிவின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு கூடுதல் வசதி இயக்கப்பட்டது: நிறம் மாற்றும் வசதி. மனநல நிபுணர் ஒருவரோடு கலந்தாலோசித்து இளம்பச்சையைத் தேர்ந்தெடுத்தோம்.

“பச்சையா வந்தாலும் படிக்க முடியாதே சார்?” என்று இழுத்தாள் அந்தப் பெண்.

“கண்ணை உறுத்தாதில்ல?” என்றேன்.

மாணவர்களிடம் கருத்துக் கேட்டோம். ‘சிவப்பாக வருகிறதா?’ என்பதுதான் கேள்வி. ஒருவர் விடாமல் ‘இல்லை’ என்றார்கள். அந்த ஆண்டின் ‘சிறந்த பிரிவு’ கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. என் மேசைமேல்தான் இருக்கிறது.

தேர்வு நடந்தது. அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“பச்சையா இருந்துச்சு மாமா.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் காபி கேட்கத் தோன்றவில்லை. முடிவு வந்தபோது வேதியியலில் அவள் தேறவில்லை. கல்லூரி இடம் கைநழுவியது. அவள் மட்டுமா? எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு அதே கதி. ‘இன்றைய மாணவர்களிடம் வேதியியல் அறிவு வெகுவாகக் குறைந்துவிட்டது’ என்று வருத்தத்தோடு அறிக்கை விட்டோம். எழுதியவன் நான்தான்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட வேண்டாமா? ‘வேதியியலில் பின்தங்கியோருக்கான சிறப்புப் பயிற்சி’ என்று கட்டண வகுப்பு ஒன்றுக்குத் திட்டம் தீட்டினேன். பணம் கட்டுகிறவர்களுக்கு நல்லதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். உடனே நிரல் எழுதும் பெண் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். வேதியியல் வசதி இயங்கத் தொடங்கியது.

அக்கா மகளுக்குக் கட்டணத்தில் சலுகை வாங்கிக் கொடுத்து, முதல் வகுப்பன்று நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய தேர்வுத்தாளைத் திரையில் திறந்தோம். அடடா! அம்புகள் நேராகப் பாய்ந்தன. சின்ன எண்கள் எழுத்துகளின் காலடியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. பென்சீன் தேன்கூட்டின் கண்போல அச்சாக வந்து நின்றது.

அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இதெல்லாம் எனக்குத் தெரியுமே மாமா! அன்னிக்கு இதைத்தானா கேட்டீங்க?”

பாருங்கள், தேறாத ஒரு மாணவிக்கு, பயிற்சியில் சேர்ந்த முதல் நாளே, ஒரு பாடம்கூட நடத்துவதற்கு முன்பே, அத்தனையும் தெரிந்துவிட்டது! அவள் சொன்னதில் முதல் வாக்கியத்தை அவள் படத்தோடு எங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறோம். இரண்டாவது வாக்கியத்துக்கு இடம் போதவில்லை.