மூன்று கோடும் ஒரு வட்டமும்

எனக்குக் கேள்வி கேட்க வராது. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் போனேன், அங்கேயும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணுமாப்பா?" என்றார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். (அவள்தான் கேட்டாள், "பேச்சு வருமா?" என்று.) இது அடக்கம் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்கம் இல்லை, ஆபத்து என்று இருபத்திநாலு இரும்புத் தகடு எனக்குப் புரியவைத்தது.

பெங்களூர் அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப். நான் அங்கே மில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். இரும்பில் பள்ளம் எடுக்கிறது, துளை போடுகிறது, இதுதான் வேலை. இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ இருக்கும். வேலை குறைந்துபோயிருந்தது. மூன்று மெஷினில் ஒன்றை ஏற்கெனவே விற்றாகிவிட்டது. ஓனர் கன்னடக்காரர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர், நல்ல மனுஷன். ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தணிகண்ணா, ஓசூர் ரோடு கம்பெனி ஒண்ணு சாம்பிள் கேட்டிருக்கு. இருபத்திநாலு தகடு. பாஸாச்சுன்னா வருஷம் பூரா வேலை. இல்லைன்னா உங்க மெஷினையும் கொடுத்துட வேண்டியதுதான்."

"சரி" என்றேன். மெஷின் போனால் நான் எங்கே போவது என்று கேட்டிருக்கலாம்.

அந்தக் கம்பெனி காகிதத்தில் படம் தராது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரும். அதற்காகவே ஓனர் ஒரு டேப்லெட் வாங்கி வந்தார். அடுகோடியில் அப்போது யாரும் பார்த்திராத சாமான். என் கையில் கொடுத்தார். ஒண்ணரைக் கிலோ என்று கை சொன்னது. (அப்புறம் தராசில் வைத்துப் பார்த்தேன். கை சரிதான்.) பெரிய சிலேட்டு மாதிரி இருந்தது. அடிப்பக்கம் சூடு. உள்ளே என்னவோ உர்ரென்று சுற்றியது. பேரிங் போகப்போகிறது என்று நினைத்தேன். புது சாமான் வாங்கி வந்த மனுஷனிடம் அதைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

ஓனர் திரையில் தகட்டின் படத்தை வரவழைத்தார். "பாருங்க, இது படம். கம்பெனியில திருத்தம் போட்டா சிவப்புல வரும். சிவப்புல என்ன இருக்கோ அதையும் சேர்த்து வெட்டணும்." விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். சிவப்பாக விழுந்தது. அழித்தார். நான் அவர் விரலைப் பார்த்தேன். மை ஒட்டவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மாலை கட்டி, எல்லாவற்றுக்கும் விபூதி குங்குமம் வைக்கிறது எப்போதும் என் வேலை. ஓனர் டேப்லெட்டைக் கொண்டுவந்து படம் தெரியும்படியே மேஜையில் சாய்த்து வைத்தார்.

"இதுவும் ஆயுதம்தான் தணிகண்ணா. பூஜையில சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனார்.

(முன்பக்கமா, பின்பக்கமா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

பொட்டு முகத்தில்தான் வைப்பார்கள். அதற்கு முகம் கண்ணாடி. மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுத்தால் கோணிவிடும் என்று, ஒற்றை விரலால் ஒவ்வொரு கோடாக விபூதி பூசினேன். அழுத்தித்தான் பூசினேன், சாமி காரியம். நடுவில் குங்குமத்தை வைத்து விரலை ஒரு சுற்று சுற்றினேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. பூஜை முடிவதற்குள் டேப்லெட் தானாக இருண்டுவிட்டது. துணியால் துடைத்து அலமாரியில் வைத்தேன். ஓனர் குடும்பத்தோடு மைசூர் போனார். வியாழக்கிழமை நேராகக் கம்பெனிக்கே வந்துவிடுவதாகச் சொன்னார்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு இன்னும் நாலு நாள் ஆனது.

லீவு முடிந்து வந்தேன். பட்டனை அமுக்கினேன். படம் வந்தது. படத்தின் நடுவில் மூன்று சிவப்புக் கோடு, நடுக்கோட்டின் மேல் ஒரு சிவப்பு வட்டம். திருத்தம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். பண்டிகை நாளிலும் வேலை செய்கிறார்களே என்று அந்தக் கம்பெனி மேல் மரியாதைதான் வந்தது.

அளவு மட்டும் போடவில்லை. தகட்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். படமும் தகடும் ஒரே அளவு. பிறகென்ன, வெர்னியரை எடுத்துக் கண்ணாடியிலேயே கோடுகளை அளந்தேன். கீழ்க்கோடு ஒரு டிகிரி சாய்ந்திருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். வெர்னியரை எடுத்ததும், அதன் முனை பட்ட இடத்தில் புதிதாக இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தது. திருத்தத்துக்கு மேல் திருத்தம், அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவர்கள் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். அதற்கும் இரண்டு சின்னத் துளை என்று முடிவு செய்தேன். இதற்கு மேல் திருத்தம் வருவதற்குள் மெஷினை ஓட விட்டேன்.

(சந்தேகம் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. ஓனருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போன் போட்டால் கேட்க வேண்டியிருக்கும்.)

இருபத்திநாலு தகட்டிலும் மூன்று பிளவு, நடுவில் ஒரு துளை, ஓரமாக இரண்டு பொடித் துளை. எண்ணெய்க் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். வியாழக்கிழமை குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஆட்டோவில் பெட்டியோடும் டேப்லெட்டோடும் கம்பெனிக்குப் போனேன். ஓனர் வாசலில் காத்திருந்தார்.

"சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

உள்ளே தகடுகளைச் சரிபார்க்கிறவர் ஸ்டெல்லா மேடம். பிரேசர் டவுன்காரர், தமிழ்தான். ஒரு தகட்டை எடுத்துப் பிரித்தார். திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிளவு வழியாக என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

ஓனரும் அப்போதுதான் பார்த்தார். "ஏன்ரீ இது, தணிகண்ணா, என்ன இது?"

"திருத்தம்" என்றேன்.

"நாங்க திருத்தமே அனுப்பலையே" என்றார் மேடம்.

டேப்லெட்டை எடுத்து நீட்டினேன். இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும்.

மேடம் படத்தைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வை என் நெற்றியிலேயே நின்றது.

"அண்ணா, கொஞ்சம் கிட்ட வாங்க."

போனேன். தகட்டை என் நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கீழ்க்கோடு கூட அதே சாய்வு" என்றார்.

ஓனர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் சர்ச்சுக்குப் போறவதான். அதுக்காக விபூதிப் பட்டை தெரியாதா எனக்கு?" என்றார் மேடம்.

"பூஜையில சாமிக்குப் போட்டது மேடம்."

"ஆர்டர் சாமியா குடுத்தாரு? நாங்கதானே குடுத்தோம். அது சரி, ஓரத்துல ரெண்டு துளை இருக்கே, அது எந்தச் சாமிக்கு?"

"அது வெர்னியர் பட்டது."

மேடம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு பெண்ணை அழவைத்துவிட்டோமே என்று எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆயித்து. எல்லாம் முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னது ஆர்டரை மட்டும் இல்லை. என் மெஷின், அவர் ஒர்க்‌ஷாப், எல்லாவற்றையும்தான்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். தன் வெர்னியரை எடுத்து ஒரு தகட்டை அளந்தார். இன்னொன்றை எடுத்தார். இருபத்திநாலையும் அளந்தார். முக்கால் மணி நேரம். நாங்கள் காத்திருந்தோம்.

"இருபத்திநாலும் ஒரே அளவு. சாய்வும் ஒரே சாய்வு. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை" என்றார் ஓனரிடம். "தப்பை இவ்வளவு சுத்தமா செய்யற ஆளை நான் பார்த்ததில்லை. சரியானதைக் குடுத்தா என்ன செய்வாருன்னு பாத்துடலாம். திங்கட்கிழமை வரைக்கும் டைம்."

புதுத் தகடு வந்ததும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெட்டினேன். ஓனர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், என்னைத் தொட விடவில்லை. திங்கட்கிழமை பாஸானது. ஆர்டர் வந்தது, மெஷின் கைவிட்டுப் போகவில்லை, நானும் போகவில்லை. அன்றையிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் கம்பெனி காகிதத்தில் படம் அனுப்பியது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் மேடம் தன் கையால் தமிழில் எழுதியிருப்பார்: 'சந்தேகம் இருந்தால் கேட்கவும்.'

வீட்டில் இந்தக் கதையை நான் சொல்லவில்லை. அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரியிடம் ஓனர் சொன்னார். அவள் மகளிடம் சொன்னாள். மகள் ஊருக்கே சொன்னாள்.

மகள் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்து எழுந்தார்கள். விபூதித் தட்டில் விரலைத் தொட்டு மாப்பிள்ளை நெற்றிக்குக் கொண்டுபோனேன். பையன் சட்டென்று கையால் நெற்றியை மறைத்துக்கொண்டான்.

"பூசுங்க மாமா. ஆனா வெட்டிடாதீங்க."

கையைத் தூக்கியபடியே நின்றேன். பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி சொன்னாள்:

"பயப்படாதீங்க மாப்ளே. மெஷின் அடுகோடியில இருக்கு."