மகிமை பார்க்காமல் விட்ட ஒரே ஆள்

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் மகிமை உற்றுப் பார்க்காத முகம் ஒன்றுகூட இல்லை. டேனிஷ்காரர் ஒருவரையொருவர் ஒரு விநாடிக்கு மேல் பார்ப்பதில்லை. மகிமை ஏழு விநாடி பார்ப்பார். நான் மணிக்கூட்டை வைத்து எண்ணியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு வேறென்ன வேலை?

மகிமை என்பது ஊர்ச் சனம் வைத்த பட்டம்; அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. இயேசு மூன்று சீடரை மலைக்குக் கூட்டிப்போனதும், அங்கே அவர் முகம் சூரியன்போலப் பிரகாசித்ததும்தான் அவருக்குத் தெரிந்த ஒரே கதை.

“வெளிச்சம் போகேல்லை, மாஸ்டர். மூடிக்கொண்டு இறங்கி வந்தவர். கடவுள் மனிசனாப் பிறந்த பிறகு, மகிமை ஆரிலை ஒளிச்சிருக்குமெண்டு சொல்லேலாது. அதுதான் பாக்கிறன்.”

“திருநீறு பூசுற என்னிலையும் இருக்குமோ?”

“ஓம், இருக்கும். உங்களிலை கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் கூட நேரமெடுக்குது.”

‘மகிமை’ என்ற சொல்லுக்கு டேனிஷில் ‘ஹேர்லிஹெத்’ என்று பாதிரியார் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். டேனிஷ்காரரோ வெயில் எறித்தாலும் கோப்பி சூடாயிருந்தாலும் ‘ஹேர்லிட்’ என்பார்கள். ‘அருமை’ என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

“இந்தச் சனம் கோயிலுக்குப் போகாதெண்டு ஆர் சொன்னது, மாஸ்டர்? சூப்பைக் கண்டாலும் மகிமை எண்டுதுகள்!”

ஒருநாள் கடையில் காசு வாங்கும் பெண்ணை ஏழு விநாடி பார்த்துவிட்டு, “ஹேர்லிஹெத்” என்றார். அவள் காதுவரை சிவந்துபோனாள். வரிசையில் நின்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஆறாவது ஆள். அவரைத் தெரியாதவன்போல முட்டைகளை எண்ணினேன்.

முதியோர் இல்லத்தில் கரண்டியால் அடிக்கிற கிழவர் ஒருவர் இருந்தார். மகிமை அடியை வாங்கிக்கொண்டே அவர் முகத்தையும் பார்த்துவிட்டு வருவார்.

“இண்டைக்கு மனிசன் நல்லா ஒளிச்சு வைச்சிருக்கிறார், மாஸ்டர்.”

சென்ற மாரியில் நான் பனியில் சறுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு கிழமைக்கு அதே இல்லத்துக்கு அனுப்பினார்கள். குளிக்க ஆள் உதவி வேண்டும். பேத்தி வயதில் ஒரு டேனிஷ் பிள்ளை வந்தாள், மாட்டேன் என்றேன். மகிமை வந்தார், இன்னும் பலமாக மாட்டேன் என்றேன். கலியாணவீடுகளில் எனக்குக் கதிரை இழுத்துப் போடுகிற மனிதர் முன்னால் எப்படி உரிந்துகொண்டு இருப்பது? அதுவும் ஏழு விநாடி பார்க்கிறவர்!

ஆறு நாள் குளிக்கவில்லை. அறுவைக் காயம் பழுதானால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று ஏழாம் நாள் தாதி சொல்லிவிட்டாள். மகிமை என்னைக் குளியலறைக் கதிரையில் இருத்தினார். நான் கண்ணைச் சுவரில் வைத்து ஓடுகளை எண்ணத் தொடங்கினேன். முதுகில் வெந்நீர் விழுந்தது. தோள், கை, விலா என்று அவர் கை ஒழுங்காக இறங்கியது.

ஏழு விநாடி கடந்தது. எழுபதும் கடந்தது. மெதுவாகத் திரும்பினேன். மகிமை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன மகிமை, ஊரெல்லாம் பாக்கிறீர். என்னைப் பாக்கேல்லையே?”

“மலையிலை அந்த நேரம் சீடர் மூண்டு பேரும் முகங்குப்புற விழுந்தவையள், மாஸ்டர். நேரை பாக்கேலாது. காலைத் தூக்குங்கோ.”

தூக்கினேன். நாற்பத்துமூன்றாவது ஓட்டோடு என் கணக்கு விட்டுப்போயிற்று.

“நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீர்?”

“எட்டு மணிக்கு வாறன்.”

மறுநாள் எட்டு நாலுக்குத்தான் வந்தார். நான் ஏழே முக்காலிலிருந்து துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.