முற்போக்கு மரண உலோகம்

தமிழ்நாட்டில் ரசனை என்பது முறைப்படி தோன்றியது 1999-ஆம் வருஷம் தை மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு, தஞ்சாவூரில், பாசனப் பொறியாளர் பஞ்சநதத்தின் மொட்டைமாடிக் கொட்டகையில். அதற்கு முந்திய இரண்டாயிரம் வருஷங்களை ஒத்திகை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்வீடனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர் மகன் அந்த ஊர்ப் பாட்டு சிடி ஒன்று அனுப்பியிருந்தான். வகை, ‘ப்ராக்ரஸிவ் டெத் மெட்டல்’. பஞ்சநதம் அதை ‘முற்போக்கு மரண உலோகம்’ என்று தமிழ்ப்படுத்தி நோட்டீஸ் அடித்தார். ஐம்பொன் விவகாரம் என்று நம்பி சுவாமிமலை ஸ்தபதி ஒருவரும் வந்துவிட, ரசிகர்கள் மொத்தம் பதினாறு பேர்.

பாட்டு தொடங்கியதும் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட அல்லா பிச்சை பதறி ஓடிவந்தார்.

“சார், ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு! வேற கொண்டாரட்டுமா?”

“உக்காருங்க பாய். அதுதான் குரல்.”

“அல்லாவே! யாருக்கு என்ன ஆச்சு?”

“வேதனை பாய். உழைக்கிறவனோட அடிவயித்து ஓலம். ஒரு வார்த்தை விளங்கலை, ஆனா எல்லாம் புரியுது பாருங்க!”

ஐம்பத்திரண்டு நிமிஷம் அது ஓலமிட்டது. ஏழு எண்ணிக்கையில் ஆரம்பித்த தாளம் பதினொன்றுக்குத் தாவி, பிறகு எங்கோ போய்விட்டது. பஞ்சநதம் விடாமல் தொடையில் தட்டினார். கண்ணீர் வழிந்தது. தொடை வலி என்று சொன்னவர்கள் ரசனை கெட்டவர்கள்.

பாட்டு முடியும்போது கண்ணாத்தாள் படியேறி வந்தாள். கடைமடையில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பா, கதிர் பால் பிடிக்கிற நேரம். ஆற்றில் தண்ணீர் ஓடியது. அவள் வாய்க்காலின் மதகு மட்டும் திறக்கவில்லை. திறக்க உத்தரவு போட வேண்டியவர் பஞ்சநதம். நாலு நாளாக அவர் ஆபீஸ் வாசலில் கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது.

“பயிரு காயுதுங்க! மதகத் தொறங்க!”

கரகரவென்று அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல். பஞ்சநதம் துள்ளி எழுந்தார்.

“அதே சுருதி! யம்மா, இன்னொரு தடவை. மைக்குல சொல்லும்மா.”

ஐயா காது கொடுத்துவிட்டார் என்று நம்பி அவள் மூன்று முறை சொன்னாள். பதினாறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பஞ்சநதம் பொன்னாடை போர்த்தினார்.

“ஏங்க, நான் சொன்னது விளங்கிச்சுங்களா?”

“இதெல்லாம் விளங்கிக்கிற விஷயம் இல்லம்மா. அனுபவிக்கணும்.”

“மதகத் தொறக்கச் சொல்றாங்க சார்,” என்றார் அல்லா பிச்சை.

“பாய், வார்த்தையப் பிடிச்சுத் தொங்காதீங்க!”

பத்தே நாளில் கதிரெல்லாம் பதராயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு அவளை அழைத்துவர பஞ்சநதம் ஜீப்பே அனுப்பினார். வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாளாம். கேட்டதும் அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

“சொந்த மண்ண விட்டுட்டுப் போக, இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் மனசு வருதோ!”