வாத்தியார் மாற்றிய வால்வு

உலகத்தில் எந்த நதி எந்த மலையில் பிறந்து எந்தக் கடலில் விழுகிறது என்பது பூகோள வாத்தியாருக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்தக் குளியலறையில் ஒழுகும் தண்ணீரை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. குழாயை மாற்றலாமென்றால் முதலில் சுவரிலிருக்கும் வால்வை மூட வேண்டும். அதுவோ எவ்வளவு திருகினாலும் மூடாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"பிளம்பரைக் கூப்பிடுங்க," என்று ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள் மனைவி.

"ஒரு வால்வுக்கு ஒரு பிளம்பரா? சனிக்கிழமை நானே மாத்திடறேன்."

"ஆழம் தெரியாம காலை விடாதீங்க. வால்வு போனா வேற வாங்கிக்கலாம்."

"வாழ்வு போனா?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

சனிக்கிழமை அவள் நூலக வேலைக்குப் படியிறங்கியதும் வாத்தியார் அந்தப் பிளம்பருக்கே போன் போட்டார். அவர் வந்தார். மாடித் தொட்டியை அடைத்தார். பழைய வால்வைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவரைப் பின்படிக்கட்டு வழியாக அனுப்பிவிட்டு, வாத்தியார் தன் சட்டையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். கன்னத்தில் கொஞ்சம் கிரீஸும் தடவிக்கொண்டார்.

மாலையில் மனைவி வால்வை மூடிப் பார்த்தாள். குழாயில் ஒரு சொட்டு இல்லை.

"பரவாயில்லையே. ஒழுகாம இருக்க மரையில டேப் சுத்தினீங்களா?"

"சுத்தாம?"

"வலது பக்கமாவா, இடது பக்கமாவா?"

"உள்பக்கமா," என்றார் வாத்தியார்.

அவள் அவருடைய கன்னத்துக் கிரீஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு பேரிடம் போனில் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணன் வீட்டுலயும் இதே மாதிரி வால்வு கெட்டுப்போச்சாம். நாளைக்கு நீங்க வந்து மாத்துவீங்கன்னு சொல்லிட்டேன்."

பல்பு மாட்டத் தெரியாத மாப்பிள்ளை என்று எட்டு வருஷமாகச் சிரிக்கிறவர் அந்த மச்சான். அவரிடம் உண்மையைச் சொல்வதைவிட உலக வரைபடத்தைச் சுருட்டி விழுங்கிவிடலாம். வாத்தியார் மொட்டைமாடிக்குப் போய்ப் போனில் கிசுகிசுத்தார்.

"நாளைக்கு என்கூட வாங்க. பேருக்கு நீங்க என் எடுபிடி. வேலை பூரா நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்."

"எடுபிடிதானே சார்? வந்துட்டாப் போச்சு," என்றார் பிளம்பர்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். மாடித் தொட்டியை அடைத்துவிட்டு வந்த பிளம்பர் ரெஞ்சை இரண்டு கைகளாலும் பணிவாக நீட்டினார்.

"இந்தாங்க சார்."

"நீங்களே ஆரம்பிங்களேன்," என்றார் வாத்தியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எடுபிடிக்கு அது அழகில்ல சார்."

வேறு வழியில்லை. வாத்தியார் முட்டிபோட்டார். மூச்சுப் பிடித்துத் திருகினார். கால் மணி நேரம் கழித்து, "இடது பக்கமா, சார்," என்றது எடுபிடி. வால்வு கழன்றது. பைப்பில் தங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் வாத்தியார் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"கீழ்க் குழாயைத் திறந்து தண்ணியை வடிச்சிட்டுத்தான் கழட்டணும் சார்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே சார்."

டேப்பைத் தப்பாகச் சுற்றி இரண்டு தடவை பிரித்தார். முழங்கையில் தோல் உரிந்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போன நேரத்தில் புது வால்வு மூடிக்கொண்டது. ஒழுகவில்லை. மச்சான் எழுந்து வந்து கைகொடுத்தார். வாத்தியாருக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சொன்ன பொய்யே மெய்யாகிவிட்டதே.

கிளம்பும்போது, அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த வாத்தியாரின் மனைவியிடம் பிளம்பர் வந்தார்.

"அக்கா, நேத்து நீங்க போன்ல சொன்னபடி நான் ஒரு மரையைக்கூடத் தொடலை. சார் நல்லாவே கத்துக்கிட்டாரு."

"சந்தோஷம்," என்றாள் மனைவி. "அடுத்த ஞாயித்துக்கிழமை அவருக்குத் தொட்டி கழுவச் சொல்லிக் கொடுத்துடுங்க."