தாத்தா வந்திருக்கிறார், சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறார்

செரண்டாவில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய குமரவேல் மாமா அவர்களுக்கு, புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து உங்கள் மருமகன் சரண் கைகூப்பி எழுதுவது. எங்கள் வீட்டு நம்பர்கள் நான்கையும் நீங்கள் பிளாக் செய்துவிட்டதால், உங்கள் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டும் செல்லன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இதனால் அறிவிப்பது என்னவென்றால், மூன்று வருடத்துக்கு முன் காலமான உங்கள் அப்பா முருகையா அவர்கள், சென்ற சனிக்கிழமை தமது நினைவு நாள் படையலுக்கு அந்துப்பூச்சியாக வருகை தந்தார். சுகமாக இருக்கிறார். சாப்பாடுதான் இறங்கவில்லை.

படையலன்று பெரிய பூச்சி வந்தால், போனவர் வந்திருக்கிறார் என்று கும்பிடுகிற வீடு நம்முடையது. வந்ததோ அட்லஸ், அந்துப்பூச்சியிலேயே ராட்சத வகை. தட்டு அகலம், செங்கல் நிறம், இறக்கைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல், மேல் நுனி இரண்டிலும் பாம்புத் தலை. தாத்தா படத்தின் மேலேயே விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அம்மா கருவாட்டுக் குழம்பை நகர்த்தி வைத்தார், மைலோ கலக்கி வைத்தார். அசையவில்லை. "அண்ணன கூப்பிடாம படையல் போட்டேன்ல, அப்பாவுக்குக் கோவம்" என்று அம்மாவும் அன்றிலிருந்து வெறும் தேத்தண்ணிதான். "அது பூச்சி லா, விமலா" என்றார் அப்பா. "எங்கப்பா உயிரோட இருந்தப்பவே உங்களுக்கு ஆகாது" என்று பதில் வந்தது.

மாமா, அட்லஸுக்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போய்விடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்த வட்டாரத்தில் அந்துப்பூச்சிக்கு நான்தான் அத்தாரிட்டி. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து, படகேறி, மின்மினியைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். தோளில் வந்து உட்காரும் அந்துவைத் தட்டிவிடுகிறார்கள். எஸ்டேட்டிலோ பூச்சி என்றால் மருந்தடிக்க மட்டும்தான் தெரியும். விடிந்ததும் கோயில் பின்சுவரில் டியூப் லைட்டுக்குக் கீழே பாருங்கள். ஒன்று காய்ந்த இலை, நரம்பு முதற்கொண்டு. ஒன்று அசல் காக்கா எச்சம். ஒன்று குளவி வேஷம். ரோஸும் மஞ்சளுமாய் ஒன்று, தங்கச்சி நித்தியாவின் தீபாவளிப் பாவாடை அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். தனி ஆளாக நாற்பத்தொரு வகை எண்ணியிருக்கிறேன்.

நேற்று இருட்டியதும் இன்னும் மூன்று அட்லஸ் சன்னல் வழியாக வந்து தாத்தாவைச் சுற்றின. "அப்பாவோட சீட்டாட்டக் கூட்டாளிங்க" என்றார் அம்மா. உணர்கொம்பைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்: மூன்றும் ஆண், தாத்தா பெண். வாசனை பிடித்து மாப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இதை எந்த வாயால் அம்மாவிடம் சொல்ல?

ஆகவே மாமா, தாத்தா வெள்ளிக்கிழமை வரை தாங்குவதே பெரிது. அதற்குள் வந்து அம்மாவோடு ஒரு வாய் சாப்பிடுங்கள். ஆட்டுப் பிரட்டலில் உப்பில்லை என்று நீங்கள் சொன்னதும், அம்மா உப்பு டப்பாவை உங்கள் தட்டில் கவிழ்த்ததும் நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. உப்பும் கரைந்திருக்கும்.

அத்தைக்கு வணக்கமும், உங்கள் புது மீசைக்கு என் தனி மரியாதையும்.

இப்படிக்கு,
சரண்

பி.கு.: நித்தியா இதைப் படித்துவிட்டு, "உண்மைய எழுது, இல்லாட்டி அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்கிறாள். நாற்பத்தொன்றும் அவள் எண்ணியது. ஒன்பது வயது. எனக்குப் பூச்சி என்றால் பயம். அவளைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டு நான் மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் பத்திரமாக வைத்திருந்த அட்லஸ் புழுக்கூட்டைத் திருடித் தாத்தா படத்துக்குப் பின்னால் ஒட்டியது நான்தான், அம்மா அலறுவதை வீடியோ எடுக்க. காலையில் அது ஊர்ந்து வெளியே வந்தபோது அலறியது நான். அம்மா அலறவில்லை. "வந்துட்டீங்களாப்பா" என்று விளக்கைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாமாவுக்கும் ஒரு தட்டு எடுத்து வைடா" என்றார். அதற்கு மேல் எனக்கு வீடியோ எடுக்க மனசு வரவில்லை, மாமா.